துண்டுக்கு அடியில் இடக்கை

1926 மே 10, திங்கள். ஆம்பூர்.

காலையிலேயே அனல். வலக்கையில் கட்டு. சனிக்கிழமை தோல் பதம் பார்க்கச் சுண்ணாம்புத் தொட்டியில் கைவிட்டது, உள்ளங்கை வெந்துபோச்சு. இது இடக்கை எழுத்து, கோழிக் கிறுக்கல். சோறு அன்னம்மாள் ஊட்டுகிறாள். "பீச்சாங்கையால துன்னா பசங்க இன்னா நினைக்கும்?" கட்டின புருஷனுக்கு இந்த வயதில் ஊட்டல்! எரிச்சல்.

நாளை வாணியம்பாடி. காதர் சாயபுவிடம் ஆட்டுத்தோல் வாங்க வேண்டும். முதலாளி கறார்: "சரக்கு வரலன்னா தொட்டிங்க காலி. நீயும் வீட்லயே இரு."

வாங்க: களிம்பு, மசி, பாப்பாவுக்கு ரிப்பன்.

மே 11, செவ்வாய்.

மோசம். படுமோசம்.

பேரம் எப்போதும்போல் துண்டுக்கு அடியில். கையைப் பிடித்து விரலால் விலை பேசுவது, சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாமல். சுண்ணாம்பு தெரியாத தோல்காரன் என்று சாயபு சிரிப்பாரே என்று கட்டை மறைத்து வைத்திருந்தேன். அவசரத்தில் இடக்கையை விட்டேன். தணலைத் தொட்டவர்போல் உருவிக்கொண்டார். "உல்டா ஹாத்தா குடுக்கிறே? என்னை இன்னான்னு நினைச்சே?" எழுந்தே போய்விட்டார்.

வண்டிக்கார ரெட்டிக்கு வழியெல்லாம் சிரிப்பு. இடக்கைக்குத் தெலுங்கில் புர்ரச் செய்யாம். சாயபுவுக்கு வலது சீதா, நேரானது. இடது உல்டா, தலைகீழ். நமக்குச் சோத்துக்கை, பீச்சாங்கை. துரைமாருக்கு வலது 'ரைட்', அதற்கே சரி என்றும் அர்த்தம். ஒரு பாஷையிலாவது இந்தக் கைக்கு நல்ல பேர் கிடையாதா? எழுதுவது இதுதானே இப்போது.

முதலாளி: "வியாழக்கிழமை சரக்கோட வா. இல்லாட்டி வராதே."

மே 12, புதன்.

சாயபுவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அதுவும் இடக்கையால்! கிழித்துப் போட்டேன். உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. ரிப்பன் மறந்தேன், பாப்பா அழுகை.

மே 13, வியாழன்.

சாயபு முகம் கொடுக்கவில்லை. அவர் முன்னாலேயே கட்டை அவிழ்த்துத் துண்டுக்குள் வலக்கையை நீட்டினேன். பார்க்காமலே பிடித்தார். உயிர் போய் வந்தது. ஈரம் பட்டிருக்கும், துண்டை விலக்கினார். அவர் உள்ளங்கையில் என் ரத்தம்.

"அரே பைத்தியக்காரா! வாய் இல்ல உனக்கு? அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

தன் துண்டைக் கிழித்து அவரே கட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர். கட்டிக்கொண்டே விலையை வாயால் சொன்னார், சத்தமாக. ரொம்பக் கம்மி. துண்டுக்கு வெளியே ஒரு விலையை இங்கே யாரும் கேட்டதில்லை.

சரி என்றேன். வேலை தப்பியது. சரக்கு ஏற்றி வண்டி நகர்வதற்குள் நாலு வியாபாரிகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "எங்களுக்கும் அதே வெலைதானே, பாய்?"

சாயபு ஒவ்வொருவருக்கும் சரியென்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.