அக்கா எழுதாத அழைப்பிதழ்

என் அருமை அக்காவுக்கு,

கோபப்படுவதற்கு முன் முழுவதையும் படித்துவிடு. நீ கண்ணை மூடி ஒரு வருஷமாகிறது. இங்கே எல்லோரும் நலம். வரதய்யபாளையத்துக்கும் தடாவுக்கும் நடுவே இன்னும் இரண்டு கம்பெனிகள் வந்துவிட்டன. நிலம் கொடுத்தவர்கள் அங்கேயே வாட்ச்மேனாக உட்கார்ந்து, தங்கள் பழைய நிலத்துக்குள் போகிறவர்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள்.

முக்கியமான செய்தி வேறு. உன் கையெழுத்துக்கு வேலை கிடைத்துவிட்டது.

நான் குவைத்தில் டிரைவராக இருந்தபோது நீ எழுதிய கடிதங்களை உன் மகள் மோகனா வாங்கிப் போனாள். தடா கம்பெனியில் அட்டைப்பெட்டிகளை வடிவமைப்பவள் அல்லவா? ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கியெடுத்து, கம்ப்யூட்டரில் ஒரு ஃபாண்ட் ஆக்கிவிட்டாள். இப்போது யார் எதைத் தட்டினாலும் உன் கையெழுத்தில் வருகிறது. அதே முடி போன்ற கோடு, வலப்பக்கம் லேசான சாய்வு, அடுத்த வரியை எட்டித் தொடும் 'ழ'வின் வால். ஃபாண்டின் பெயர் 'அம்மா'. தடிமனாக்கினால் நீ திட்டுவது போலிருக்கிறது. சின்னதாக்கினால் கோடு தேய்ந்துவிடுகிறது. "ரொம்பக் கொறச்சா அம்மா காணாம பூடும் மாமா" என்கிறாள்.

அவள் ஒரு தோழிக்குக் கொடுத்தாள், தோழி ஊருக்கே கொடுத்தாள். சத்தியவேட்டில் கேக் பெட்டிகளின் மேல் நீ பிறந்தநாள் வாழ்த்துகிறாய். நகரியில் ஒரு புடவைக் கடைக்குத் தள்ளுபடி அறிவிக்கிறாய். பேரம் பேசாமல் கைக்குட்டைகூட வாங்காத நீ, கடைக்காரன் பக்கம் சேர்ந்துவிட்டாய். திருமலை அடிவாரத்தில், அலிபிரி அருகே தமிழ் யாத்ரீகர்கள் தங்கும் விடுதியில் 'தயவுசெய்து செருப்பை இங்கே விடாதீர்கள்' என்று உன் கையெழுத்தில் ஒட்டியிருந்தது. அதில் 'தயவுசெய்து' மட்டும் உன் வாயில் வராத வார்த்தை. ஆனாலும் நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

இதுவரை எனக்குச் சந்தோஷம்தான். போன மாதம்தான் சிக்கல் வந்தது.

திருப்பதிப் பையன் சீனுவைக் கட்டிக்கொள்வதாக மோகனா சொன்னபோது, "யோசிச்சிக்கினு இருக்கேன், தொந்தரவு பண்ணாத" என்றாய். அந்த யோசனை முடிவதற்குள் போய்விட்டாய். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இப்போது வைகாசியில் கல்யாணம். தாய்மாமன் பார்க்க வேண்டுமென்று, மோகனா அழைப்பிதழை லேப்டாப்பில் கொண்டுவந்தாள்.

'என் மகளின் திருமணத்துக்கு முழு மனதோடு அழைக்கிறேன்.' கீழே உன் பெயர். எல்லாம் உன் கையெழுத்தில். ஒரு நிமிஷம் நானே நம்பிவிட்டேன், அக்கா. நம்ப ஆசையாகவும் இருந்தது.

"இது வேணாம்மா" என்றேன்.

"ஏன் மாமா? அம்மா எழுத்துதானே?"

"எழுத்து அவளுது. பேச்சு உன்னுது."

"அம்மா சரின்னுதான் சொல்லியிருக்கும். உனக்குத் தெரியாதா?"

"தெரியாதே. அவளே யோசிச்சிக்கினுதானே இருந்தா."

"அப்போ கடைசி வரைக்கும் எனக்குப் பதிலே கெடையாதா?" என்றாள். லேப்டாப்பை மூடிக்கொண்டு போனாள். இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. அவள் கையெழுத்துதான் வேறு, வீம்பு உன் அளவுக்கு இருக்கிறது.

மூன்றாம் நாள் அழைப்பிதழின் அச்சு மாதிரியோடு வந்தாள். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தெலுங்கு, இரண்டும் எல்லாக் கல்யாணத்துக்கும் வருகிற சாதாரண எழுத்து. அழைப்பவர்கள்: மோகனாவும் நானும். கூடவே சுருட்டிய ஃபிளெக்ஸ் ஒன்று. "இது ஃபாண்ட் இல்ல மாமா. அம்மா நெஜமா எழுதினது" என்று விரித்தாள். குவைத் மெஸ்ஸில் நான் கூச்சத்தில் அரைவயிற்றோடு எழுந்துவருகிறேன் என்று தெரிந்து, நீ எனக்கு எழுதிய வரி. கடிதத்திலிருந்து அப்படியே எடுத்துக் கதவு அகலத்துக்குப் பெரிதாக்கியிருந்தாள்:

'வெட்கப்படாமல் கேட்டு வாங்கிச் சாப்பிடு.'

பந்தி வாசலில் தொங்கவிடப் போகிறாள். கூட வந்த சீனு, "அத்தகாரு ஏம் ராசாரு?" என்று கேட்டான். மாமியார் என்ன எழுதியிருக்கிறார் என்று தெரிய வேண்டுமாம். மோகனா தெலுங்கில் சொன்னாள். மிகவும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, சமையலறைக்குப் போய் இன்னொரு இட்லி கேட்டான்.

அதனால் ஒரு வாக்கு தருகிறேன். வாசலில் நின்று எல்லோரையும் என் வாயால் அழைப்பேன். நீ சொல்லாத சம்மதத்தை உன் பெயரில் யாரிடமும் சொல்ல மாட்டேன். நீ நிதானமாக யோசித்துக்கொண்டிரு. எங்களுக்கு அவசரமில்லை, கல்யாணத்தை நடத்திவிடுகிறோம்.

உன் பதிலுக்குக் காத்திருந்தே பழகிப்போன தம்பி,
முனிரத்தினம்