அக்காவுக்கு மட்டும் வெள்ளைப் பக்கம்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நான் தேறி வருகிறேன். ஆபரேஷன் தையல் இன்னும் இழுக்கிறது. அங்கே எல்லோரும் நலம் என்று நீ மெயிலில் எழுதியதை நம்பப் பார்க்கிறேன்.

அப்பாவின் படங்களை வாராவாரம் போடுவதாகச் சொன்னாயே, அந்த இணையப் பக்கம் எனக்கு வெறும் வெள்ளையாக வருகிறது. உன் வீட்டுக்காரிக்கு மட்டும் எல்லாம் தெரிகிறதாம். போன் செய்தால் அப்பா தூங்குகிறார் என்கிறாய். நம்மையே தூங்க விடாத மனுஷன் எப்போது பார்த்தாலும் எப்படித் தூங்குவார்? எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ துப்பறியும் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள். தப்பு அந்தப் பக்கத்தை இயக்க நான் எழுதிய ஸ்கிரிப்டில்தான். பிரவுசருக்குப் பிரவுசர் நடத்தை மாறும். அத்தனைக்கும் சோதித்து எழுதச் சோம்பல்பட்டு, வருகிற பிரவுசரின் பெயரை மட்டும் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பெயர் என்றால் படம், இல்லாவிட்டால் வெள்ளைத் தாள். உன் பழைய கம்ப்யூட்டர் அதில் மாட்டிக்கொண்டது.

இப்போது பெயர் பார்ப்பதையே எடுத்துவிட்டேன். இந்த வேலை உன்னால் முடியுமா என்று ஸ்கிரிப்ட் பிரவுசரிடமே ஒரு தடவை கேட்கும். முடியும் என்றால் நேராகப் போகும். முடியாததற்கு மட்டும் மாற்று வழி. வேலையும் குறைந்தது.

டாக்டர் சொன்னபடி மனதை அலட்டிக்கொள்ளாதே. நேற்றுகூட அப்பா, "பெரியவ எப்ப வர்றா?" என்று கேட்டார்.

அன்பு மாறாத
தம்பி

மார்ச் 8

தம்பிக்கு,

பக்கம் திறந்தது. படங்கள் பளிச்சென்று வந்தன. உன்னைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்பட்டேன், கொஞ்ச நேரம்.

எல்லாப் படத்திலும் அதே நீலச் சட்டை. பையில் அதே மைக்கறை. ஜன்னலோரத் தம்ளரில் தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரே நாளில் எடுத்து வைத்துக்கொண்டு வாரம் ஒன்றாகப் போட்டிருக்கிறாய்.

பிரவுசரிடம் உன்னால் முடியுமா என்று கேட்கத் தெரிந்த உனக்கு என்னிடம் கேட்கத் தெரியவில்லை. நோயாளி என்று பார்த்தாய், வெள்ளைத் தாளை நீட்டிவிட்டாய். கேட்டிருந்தால் தாங்குவேன் என்று சொல்லியிருப்பேன். எனக்கு உன்மேல் ஆத்திரமாக வருகிறது.

டிக்கெட் எடுத்துவிட்டேன். நாளைக் காலை ரயிலில் வருகிறேன். அப்பா தூங்குகிறார் என்று மட்டும் சொல்லாதே.

அக்கா

மார்ச் 8, மாலை

அக்கா,

அவர் உன்னைக் கேட்டது பொய்யில்லை. ஆனால் கேட்டது நேற்று இல்லை, அந்த நீலச் சட்டை போட்டிருந்த அன்று. மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். வீட்டுக்குத் தனியாகப் போகாதே.

தம்பி