மறுகால் தேங்காய்

கீழப்பட்டி
25-3-84

அன்புள்ள அண்ணன் வெள்ளைத்துரைக்குத் தங்கை இருளாயி எழுதுவது. இங்கே பேரப்பிள்ளைகள் எல்லாரும் சுகம். மதினிக்கு முட்டிவலி தேவலையா? பேத்தியிடம் சொல்லி எழுதினால் கோபம் சரியாக வராது என்று நானே எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

நம்ம ஊர்க் கண்மாயைத் தூர்த்து வீட்டு மனை போடப் போகிறார்களாம். நீ ஊருக்குத் தலைவன், அம்பலம் என்று உன் கையெழுத்தைக் கேட்கிறார்களாம். என் மகன் மருது வந்து, "மாமா யோசிக்கிறாரு ஆத்தா" என்றான். யோசிக்க என்ன இருக்கிறது அண்ணே? அந்தக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தானே எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர்? "நம்ம தண்ணி போற ஊருக்குத்தான் எம்புள்ள போகணும்" என்று சொல்லித்தான் அய்யா என்னை இங்கே கட்டிக்கொடுத்தார். அப்போது நீ பக்கத்தில் முறுக்குத் தின்றுகொண்டு இருந்தாய்.

மறுகால் விழுகிற முதல் நாள் அய்யா தேங்காயில் மஞ்சள் பூசி ஓடையில் விடுவார். அவருக்குப் பிறகு நீ விட்டாய். நான் இங்கே வாய்க்காலில் இடுப்பளவு நின்று எடுப்பேன். ஒரு வருசம் அடுத்த வீட்டுக்காரன் காளை அதை எடுத்துச் சட்னி அரைத்துவிட்டான். அவன் வீட்டில் நான் இன்றுவரை பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை.

கையெழுத்துப் போடாதே.

தங்கை
இருளாயி

மருதனேந்தல்
20-4-84

அன்புத் தங்கச்சிக்கு,

திட்டாமல் படி. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கண்மாய் பெருகி வருசக்கணக்காகிறது. வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து கால்வாயை வெட்டுங்கள் என்று தமுக்கடித்தால், நானும் தமுக்கடித்தவனும்தான் நிற்கிறோம். கண்மாய்க்குள் முழுக்கக் கருவேலமுள். "தண்ணியில்லாத பள்ளத்துக்கு எதுக்கு அம்பலம் காவல்?" என்று இளவட்டங்கள் முகத்துக்கு நேரே கேட்கிறான்கள். டவுன் வீடுகள் வில்லாபுரம் தாண்டி வந்துவிட்டன. நான் ஒருத்தன் மறித்தால் நிற்குமா?

எனக்கும் ஒரு மனை தந்தார்கள். வீடு கட்டுகிறேன். உன் கல்யாணத்தில் நீ உட்கார்ந்த மணைப்பலகையை அங்கேதான் வைப்பேன். நீ வந்துதான் பால் காய்ச்ச வேண்டும்.

அண்ணன்
வெள்ளைத்துரை

கீழப்பட்டி
2-9-85

அண்ணனுக்கு,

பத்திரிகை வந்தது. நான் வரமாட்டேன்.

மடைக்கு மேற்கே அந்தப் பள்ளத்திலேயா வீடு கட்டினாய்? கோடையில் மீன் பிடிக்க ஊரே இறங்கும். அந்தப் பள்ளத்தில் மட்டும் அய்யா யாரையும் கைவைக்க விடமாட்டார். "வெராலுத் தாயி அங்கதாண்டா கெடக்கா. அடுத்த வருசத்துக்கு வெத அது" என்பார். அந்தப் பள்ளத்தில் ஈரம் இருந்தவரை ஊர்க்கிணறு வற்றியது உண்டா? அதன்மேல் அடுப்பை மூட்டி நான் பால் காய்ச்சவா?

நீ கையெழுத்துப் போட்டது தண்ணீருக்குத் தெரியாது. வந்தால் அது அங்கேதான் வரும்.

அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.

இருளாயி

மருதனேந்தல்
5-11-85

தங்கச்சி,

நீ வராததால் மதினிதான் பால் காய்ச்சினாள். பலகையில் யாரையும் உட்காரவிடவில்லை, சுவரோடு சாத்தி வைத்திருக்கிறேன்.

இங்கே நல்ல மழை. வீட்டுத்தரை ஓதம் ஏறிச் சில்லென்று இருக்கிறது. மதினி தினமும் முனகுகிறாள். முன்பு என்றால் இந்நேரம் மறுகால் விழுந்திருக்கும். மறுகால் வழிகிற கலுங்கை இடித்து ரோடு போட்டுவிட்டார்கள். அதனால் தேங்காயில் மஞ்சள் பூசி மருதுவிடம் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். வாங்கிக்கொள் தாயி.

அண்ணன்

கீழப்பட்டி
18-11-85

அண்ணே,

மருது கொண்டுவந்த தேங்காயை நான் கையில் வாங்கவில்லை. "பஸ்ஸுல வந்ததெல்லாம் சீராடா?" என்று வைது, உறியில் போடச் சொன்னேன்.

நேற்று விடியும்போது வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மறுகால் தண்ணீர் மாதிரி வரவில்லை. வழியில் தேக்கி நிறுத்தக் கண்மாய் இல்லாமல் மொத்தமாக வந்து விழுந்தது. எங்கள் கரை உடைந்து நாற்றெல்லாம் போய்விட்டது. கீற்றும் சட்டியும் பிள்ளைகளின் பாடப்புத்தகமும் மிதந்து வந்தன. பிறகு என் பலகை வந்தது. ஓரத்தில் நான் அரிவாளால் கொத்திய வடு அப்படியே இருக்கிறது. அதற்கு நீ அடி வாங்கினாய்.

ரோடு அறுந்து கிடக்கிறது. வழி விட்டதும் மருது வருவான், இதைக் கொடுப்பான். இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிடு. வைவதற்காவது எனக்கு நீ வேண்டும்.

இருளாயி

21-11-85

அண்ணே, மருது இந்தக் கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். மதினியைக் கூட்டி வந்திருக்கிறான். அவளை மேட்டில் ஏற்றிவிட்டுப் பலகையை எடுக்க நீ திரும்ப உள்ளே போனாயாம். "எந் தங்கச்சி உக்காரணும்" என்றாயாம்.

காளை துக்கம் கேட்க வந்து ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தான். குடித்தேன். உன்மேல் உள்ள கோபம் மட்டும் ஆறவில்லை. அதை இனி எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

உறியில் கிடந்த தேங்காயை எடுத்து மறுபடியும் மஞ்சள் பூசி வாய்க்காலில் விட்டேன். அது கிழக்கேதான் போகும், உங்கள் ஊர்ப்பக்கம் வராது. தெரிந்துதான் விட்டேன். கண்ணுக்கு மறைகிறவரைக்கும் தண்ணீரிலேயே நின்றேன்.

உன் தங்கை
இருளாயி