பாசிக்குச் சாப்பாடு

அன்புள்ள ஆராய்ச்சிக்காரிக்கு,

இங்கே நான் நலம். பயிற்சி வகுப்பில் நீயும் நலமாக இருப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

ஆய்வகத்தில் ஏசி கெட்டுப்போனதால் ஏழு பாட்டில் பாசியை நம் அடுப்படி ஜன்னலோரம் வைத்து, தினம் இரண்டு வேளை குலுக்கச் சொல்லிவிட்டுப் போனாய். மாதக் கடைசியில் பேராசிரியர்கள் முன் காட்ட வேண்டிய மூன்று வருஷ உழைப்பு. தவறாமல் குலுக்கினேன். ஆறாம் நாள் பச்சை வெளுத்து மஞ்சளடித்தது. 'இந்தச் சாக்கடைப் பச்சைக்கா இவ்வளவு ஆட்டம்' என்று நான் கேட்டதற்குத்தான் நீ முகம் கொடுத்துப் பேசாமல் ரயிலேறினாய். அதுவும் செத்துப்போனால் எந்த முகத்தோடு உன் எதிரே நிற்பேன்?

ஃபிரிட்ஜில் ஒரு பாட்டில் இருந்தது. 'பாசிக்குச் சாப்பாடு. நீங்கள் குடித்துவிடாதீர்கள்' என்று உன் கையெழுத்து. நான் கேன்டீனில் ஐந்நூறு பேருக்குச் சமைக்கிறவன். வாடிய முகத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஆளுக்கொரு கரண்டி ஊற்றினேன். ஏழாவது மட்டும் வைக்கோல் நிறத்துக்குப் போயிருந்தது. உயிர் போய்விட்டது என்று அதற்கு மட்டும் ஊற்றாமல் ஓரமாக வைத்து, ஒரு நிமிஷம் மௌனமாகவும் நின்றேன். மற்ற ஆறும் நாலே நாளில் தளதளவென்று ஆகிவிட்டன.

நேற்று உன் ஆய்வகத் தோழி வந்தாள். பெருமையாகக் காட்டினேன். அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். பட்டினி போட்டதே நீதானாம். சாப்பாடு நின்றால்தான் பாசி வளர்வதை விட்டுவிட்டு உள்ளே எண்ணெய் சேர்க்குமாம். அதில் வண்டி ஓட்டலாமா என்பதுதான் உன் ஆராய்ச்சியாம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை ஒரே கரண்டியில் கரைத்துவிட்டீர்களே அண்ணா என்றாள். நீயும் எனக்கு விளக்கித்தான் இருப்பாய். நான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்திருப்பேன்.

போகும்போது, நான் துக்கம் அனுசரித்த ஏழாவதிலிருந்து கொஞ்சம் எடுத்துப்போனாள். சாயம் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஒவ்வொன்றுக்குள்ளும் மணி மணியாக எண்ணெயாம். ஒன்றை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாதாம். ஆனால் ஆறு பாட்டிலிலும் இப்போது கூட்டம் பெருகியிருக்கிறது, மறுபடி பட்டினி போட்டால் மாதக் கடைசிக்குள் எண்ணெய் முன்பைவிடக் கூடலாம் என்கிறாள். இன்று காலையே வந்து சாப்பாட்டுத் தண்ணீரை எடுத்துவிட்டுச் சத்தில்லாத தண்ணீராக மாற்றிவிட்டாள். என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால் ஃபிரிட்ஜைப் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன். என் பாலும் முட்டையும் அதற்குள்தான் இருக்கின்றன.

சாக்கடை என்று சொன்னது என் தப்பு. இந்தப் பன்னிரண்டு நாளும் 'குலுக்கினீர்களா' என்ற ஒரு வார்த்தைக்கு மேல் நீ எதுவும் அனுப்பவில்லை. உள்ளே சேர்த்து வைப்பது பாசிக்கு நல்லதாக இருக்கலாம். உனக்கு வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு. சேர்த்த கோபத்தையெல்லாம் அப்படியே வீட்டுக்கு எடுத்துவந்து என் தலையில் கொட்டு. ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்காதே.

இரண்டு வேளையும் குலுக்கியபடி,
உன் வீட்டுக்காரன்