விசில் யார் ஊதுவது

ஈப்போ மருத்துவமனை
9 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

அன்று உன் வீட்டில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். நான் இருமிய கைக்குட்டையில் ரத்தத்தை நீ பார்த்துவிட்டாய். மறுநாள் காலை எனக்கு மட்டும் தனி மங்குத் தட்டில் சோறு வந்தது. கோப்பையின் காதில் சிவப்பு நூல் கட்டியிருந்தாய், தோட்டத்து லய வீடுகளில் காசநோய்க்காரர்களுக்குக் கட்டுவது போல. "நான் உன் தங்கச்சி" என்று சொல்ல வாயெடுத்து, "தேத்தண்ணி நல்லா இருக்கு" என்றேன்.

இது காசநோய் இல்லை. வாஸ்குலைட்டிஸ் என்கிறார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே என் சிறிய ரத்தக் குழாய்களைத் தாக்குகிறது. நுரையீரலுக்குள் ரத்தம் கசிகிறது. யாருக்கும் ஒட்டாது. பேசினால் மூச்சு வாங்குகிறது, அதனால்தான் எழுதுகிறேன். பிழைப்பேனா என்று கேட்டேன். "மருந்துக்கு உடம்பு கேட்கணும்" என்றார் டாக்டர்.

உங்கள் பள்ளி வலைப்பந்துப் போட்டிக்கு எப்போதும் போல நான்தான் நடுவர், வேறு ஆளைப் பிடித்துவிடாதே.

பிரமிளா

தாப்பா
16 மார்ச் 2024

என் தங்கச்சிக்கு,

சித்தப்பா இருமி இருமியே செத்ததைப் பார்த்தவ நான். இப்ப என் மடியில கைக்குழந்தை வேற. பயந்துட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்லா, கேக்கல. நூலை அறுத்துட்டேன். அந்த மங்குல இப்ப நான்தான் சாப்பிடுறேன்.

வேற நடுவரை ஏன் தேடப்போறேன்? பந்தைப் பிடிச்சதும் என் டீம் பொண்ணுங்க காலை நகர்த்தினாலே தப்புன்னு ஊதுறவ நீ. நீ வரலைன்னா கோப்பை எங்க பள்ளிக்குத்தான். முடிஞ்சா வந்து தடு.

சாந்தினி

ஈப்போ
22 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

மாத்திரையால் முகம் பாவ் பன் மாதிரி உப்பியிருக்கிறது. ஆனால் புதிய எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிந்துவிட்டது! விசில் ஊதவும் அனுமதி வாங்கிவிட்டேன்.

ஒரு வேடிக்கை கேள். எனக்குக் கொடுக்கும் மருந்து எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறது. அதனால் மற்றவர்களின் கிருமி என்னை அண்டக் கூடாதாம். கோப்பையைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நர்ஸ் முன்னாலேயே சிரித்துவிட்டேன். அந்தச் சிவப்பு நூலைத் திரும்பக் கட்டி வை. இந்த முறை நானே கேட்கிறேன்.

பிரமிளா

தாப்பா
4 ஆகஸ்ட் 2024

முன்னாள் தங்கச்சிக்கு,

நேத்து கடைசி நிமிஷம். கோல் சமம். பந்து என் டீம் பொண்ணு கையில. அப்பவா உனக்கு அவ கால் நகர்ந்தது தெரியணும்? நீ ஊதின ஊதுல மைதானத்துக்கு வெளியில நூடுல்ஸ் கிண்டிக்கிட்டிருந்த மீ கடைக்காரரே திரும்பிப் பார்த்தாரு. என்னா நுரையீரல்டி அது!

எங்க ஆளுங்க எல்லாரும் உன்னைத் திட்டினாங்க. நானும் திட்டினேன், அழுதுகிட்டே. பக்கத்துல இருந்த டீச்சர் ஆட்டத்துக்காக அழுறேன்னு நெனச்சு டிசு பேப்பர் கொடுத்தாங்க.

நூல் கட்டியாச்சு. அடுத்த ஞாயிறு சாப்பிட வா.

ஒரு கோல்ல தோத்தோம்.

சாந்தினி