உண்ணிச்செடியும் என் நாத்தனாரும்

மார்ச் 4

காட்டின் கிழக்கு ஓரத்தை வனச்சரகர் என் பொறுப்பில் விட்டிருக்கிறார். ஓரம் முழுக்க உண்ணிச்செடி. என்றோ யாரோ அழகுக்காகக் கொண்டுவந்து வைத்தது. இப்போது மரத்தடியில் வேறெதையும் தலைதூக்க விடுவதில்லை. மான்கூட மோந்துபார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. வேரோடு தோண்டிக் கவிழ்த்துப் போடவேண்டும், இல்லையென்றால் மறுபடி துளிர்க்கும்.

சாப்பிடும்போது இதைச் சொன்னேன். நாத்தனாரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. லீவு நாளெல்லாம் கேமராவும் கையுமாக அந்தப் புதரோரம்தான் கிடப்பாள், பட்டாம்பூச்சிகளைப் படம் பிடிக்க.

"அண்ணி, அதுங்க வாயில மண்ணப் போடாதீங்க."

மார்ச் 5

நாத்தனார் போட்ட காபி வந்தது, சர்க்கரை இல்லாமல்.

மார்ச் 9

கூலியாட்களோடு தோண்டத் தொடங்கினோம். கையெல்லாம் முள் கீறல். மத்தியானம் நாத்தனார் வந்து, "நீங்களே கண்ணால பாருங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள். பார்த்தேன். பூக்கொத்துக்குக் கொத்து பட்டாம்பூச்சி, தேன் குடித்துக்கொண்டு. மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இதையா அழிக்கிறேன்?

"சரி, முட்டை எங்க வைக்கும்?"

"இதுல வைக்காது. இந்த இலைய அதோட புழு தொடாது. அதுக்குக் காட்டு எலுமிச்சை வேணும்."

"அது எங்க இருக்கு?"

சுற்றுமுற்றும் தேடினாள். கடைசியில் புதரை விலக்கி, அடியில் வெயில் படாமல் காய்ந்து நின்ற ஒரு குச்சியைக் காட்டினாள்.

"இதான்." குரல் இறங்கியிருந்தது.

மார்ச் 10

"உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் தலைய குடுக்கமாட்டேன்" என்று வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். நாங்களே பேசி முடித்தோம். ஓரத்தை நீளநீளப் பட்டையாகப் பிரித்து, ஒரு பட்டை தோண்டுவது, அடுத்த பட்டையை விட்டுவைப்பது. தோண்டிய இடத்தில் காட்டு எலுமிச்சையும் இந்தக் காட்டுப் பூச்செடிகளும். அவை பூத்த பிறகே மிச்சப் பட்டைகளைத் தோண்டுவது.

சரகர், "ரொம்ப நாள் இழுக்குமேம்மா" என்றார்.

"இழுக்கட்டும் சார்."

காபியில் சர்க்கரை திரும்பிவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே.

மார்ச் 22

புதருக்குள் கொண்டைக்குருவிக் கூடு, குஞ்சுகளோடு. "யாரும் கிட்ட போகாதீங்க" என்று கத்தியது நான்தான். நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தாய்க்குருவி என்ன செய்கிறது என்றால், உண்ணிப்பழத்தைத் தின்றுவிட்டு, நாங்கள் சுத்தம் செய்த பட்டையில் வந்து விதையை எச்சமாகப் போடுகிறது. என்ன சொல்லித் திட்டுவது? பிள்ளைக்காரி.

ஜூலை 17

மழை. எலுமிச்சைக் கன்றுகள் பிடித்துக்கொண்டன. நடுவே உண்ணி முளைகளும்தான். நானும் நாத்தனாரும் குடையைப் பிடித்துக்கொண்டே பிடுங்கினோம். நனைந்ததுதான் மிச்சம்.

அக்டோபர் 8

எலுமிச்சைக் கன்று ஒன்றின் இலையில் காக்கை எச்சம் போல ஏதோ இருந்தது. துடைக்கப் போனேன். எச்சம் நகர்ந்தது.

நாத்தனாருக்குப் போன் செய்தேன். ஆபீஸில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஓடிவந்தாள். ஆபீஸ் உடை என்றுகூடப் பார்க்காமல் ஈரமண்ணில் குப்புறப் படுத்து, வெகுநேரம் அந்தப் புழுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராவை எடுக்கவில்லை.

"அத்தை ஆயிட்டேன் அண்ணி" என்றாள். பிறகு முழங்கையை ஊன்றி எழுந்து, பக்கத்துப் பட்டையில் விட்டுவைத்த உண்ணிப்புதரை ஒரு பார்வை பார்த்தாள்.

"இந்தப் பட்டைய எப்ப தோண்டப் போறீங்க?"