மைக்கில் சொன்ன ரகசியம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் இயேசுவின் நாமத்தில் உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கவும் வேண்டும், அதனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே. அத்தானுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த எண்ணெயைத் தேய்க்கிறாரா, இல்லை பாட்டிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாரா?

உன் பார்சல் போன திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. பன்னிரண்டு ஏப்ரனும் ஒரு தையல்கூடப் பிரியாமல் இருக்கின்றன. பதினொன்றை என் சனிக்கிழமைப் பிள்ளைகள் அடித்துப் பிடித்து எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டாவதில் "உனக்கு" என்று நீ குத்தியிருந்த சீட்டைப் பார்த்தேன். அக்கா, என்னை நேரில் பார்த்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் இவ்வளவு பருத்திருப்பேன் என்று எதை வைத்து முடிவு செய்தாய்? கட்டிப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. அதுதான் கோபம்.

இங்கே நாட்கள் ஓடுவதே தெரியவில்லை. திங்கள் மிஷன் கூடத்தைக் கழுவி அறுபது நாற்காலிகளையும் துடைத்து அடுக்க வேண்டும். புதன் மதியம் தனியாக இருக்கும் வயதானவர்களுக்குச் சாப்பாடு. போன வாரம் சூப்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்தார்கள். ரத்தக் கொதிப்புக்காரர்களுக்கு என்னைவிட நல்ல சமையல்காரி கிடைக்கமாட்டாள். மேடைப் பக்கம் ஒழுகிக்கொண்டிருந்த கூரையை இவர் தானே ஏறி அடைத்தார். பிரசங்கம் கேட்க வராதவர்கள்கூடப் பாஸ்டர் கூரையில் நிற்பதைப் பார்க்க வந்தார்கள்.

சனிக்கிழமைதான் எனக்குத் திருநாள். பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது வரை பதினொரு பெண் பிள்ளைகள். காலையில் வந்து வீட்டுப்பாடம் எழுதி, சேர்ந்து சமைத்து, வேதம் வாசித்து, சாயங்காலம் வரை என் உயிரை வாங்கிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு நான் வைத்த பட்டப்பெயர்களை முன்பே எழுதியிருக்கிறேன். பதின்மூன்று வயது வக்கீல் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறாள். நோவா பேழையில் கொசுவையும் ஏன் ஏற்றினார் என்று இவரைக் கேட்டாள். இவர் இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டிவிட்டுத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். அதிலிருந்து அவளுக்குப் பாஸ்டர் மேல் மரியாதை கூடிவிட்டது.

நான் சொல்ல வந்தது பாட்டுக்காரியைப் பற்றி. பதினைந்து வயது. பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவள். அப்பா இல்லை. அம்மா பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சலவைக் கடை வைத்திருக்கிறாள். வேலை தேடி அம்மா மாறிய ஐந்து ஊரிலும் ஐந்து பள்ளிக்கூடம் இவளுக்கு. எங்கேயும் ஒழுங்காக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. எட்டு மாதத்துக்கு முன் ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "எனக்குப் படிக்க வராது ஆன்ட்டி" என்றாள். (அவர்கள் மொழியில் சொல்வதை நம் பேச்சில் போட்டு எழுதுகிறேன்.) பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடிப்பதெல்லாம் பார்வைக்கு. எல்லாப் பாட்டும் மனப்பாடம். பதினாறு ஆனதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடையிலேயே நின்றுவிடப் போவதாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து செவ்வாயும் வியாழனும் நாலு மணிக்கு, நாற்காலி அடுக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடம். யாராவது கேட்டால் பழைய துணி பிரிக்கிறோம் என்று சொல்ல வேண்டும். இது அவள் போட்ட திட்டம். நானும் இவரிடம்கூட மூச்சு விடவில்லை. சிரிக்காதே அக்கா, நிஜமாகவே விடவில்லை. ஊர்க்காரர்கள் அதை நம்பி மூட்டை மூட்டையாகப் பழைய துணி கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். உட்கார இடமில்லாமல் மூட்டை மேலேயே உட்கார்ந்து படித்தோம். எழுத்தெழுத்தாகத் தடவிக்கொண்டிருந்த பிள்ளை ஐந்தாம் மாதம் ஒரு பக்கத்தை நிறுத்தாமல் வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

இனி என் முட்டாள்தனம்.

இங்கே வந்த புதிதில் எனக்கு இந்த மொழி வராது. கூட்டத்தில் என்னை ஜெபிக்கச் சொன்னால் தமிழில்தான் ஜெபிப்பேன். கூடத்தில் அறுபது பேர் இருந்தாலும் நான் சொல்வது ஆண்டவருக்கும் இவருக்கும் மட்டும்தான் புரியும். அதனால் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டுவேன். எதிர்வீட்டுக்காரி மேல் உள்ள கோபம், இவருடைய குறட்டை, எல்லாம். நாலைந்து வருடம் இப்படியே பழகிவிட்டது. பிறகு மொழி வந்தது, ஜெபமும் அந்த மொழிக்கு மாறியது. ஆனால் கொட்டுகிற பழக்கம் மட்டும் மாறவில்லை.

ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு. இவருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் மைக்கை என் கையில் கொடுத்தார். கண்ணை மூடினேன். பிள்ளைகள் நினைவு வந்தது, மனசு நிறைந்துவிட்டது. பதினைந்து வயதில் முதல் வகுப்புப் புத்தகத்தைக் கையில் எடுத்த எங்கள் பாட்டுக்காரிக்கு எழுத்துகளைத் திறந்து கொடுத்தீரே, அந்த இருட்டறையில் அவள் விட்ட கண்ணீரைக் கண்டீரே என்று ஸ்தோத்திரம் செய்தேன். பட்டப்பெயர் சொல்லவில்லை, அவளுடைய சொந்தப் பெயரையே சொன்னேன். முடித்தபோது பாதிப் பேர்தான் ஆமென் சொன்னார்கள். கண்ணைத் திறந்தால் முன்வரிசையில் அவள் இடம் காலியாக இருந்தது. பாட்டுப் புத்தகம் மூடி நாற்காலியில் இருந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சின்ன வயதில் நீ எனக்குச் சொல்லாத நாள் உண்டா? மனிதர் யாரிடமும் சொல்லாமல் ஆறு மாதம் காத்தேன். ஆண்டவரிடம் சொன்னதில் என்ன தப்பு என்று முதல் இரண்டு நாள் என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆண்டவருக்கு மைக் எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அவள் செவ்வாய் வரவில்லை, வியாழன் வரவில்லை, சனியும் வரவில்லை. அடுத்த ஞாயிறு நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுபடியும் மைக்கை வாங்கி, "ஆண்டவரே, ஒரு பிள்ளையின் ரகசியத்தைச் சபையில் சொல்லிவிட்ட என் நாவை மன்னியும்" என்று அழுது ஜெபித்தேன். வீட்டுக்கு வந்ததும் இவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "போன வாரம் வராத ரெண்டு பேருக்குத் தெரியாம இருந்துச்சு. இப்ப அவங்களுக்கும் தெரிஞ்சிருச்சு." எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று அவருக்குக் காபி கொடுக்கவில்லை. அவர் சொன்னது சரி என்பதால்தான் ஆத்திரம்.

மூன்று வாரம் போனது. அவளுடைய பள்ளிக்கூட வருடம் முடிய இரண்டே மாதம்தான் இருந்தது. இப்போது விட்டால் விட்டதுதான். அவள் கடைக்குப் போனேன். உள்ளே நாலு இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன, ஒரே சூடு. அம்மா என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு இஸ்திரிப் பக்கம் போய்விட்டாள். பாட்டுக்காரி நீள மேஜையருகில் நின்று ஒரு ஓட்டலின் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். உனக்காகத் தினமும் ஜெபிக்கிறேன் கண்ணு என்றேன்.

"அதான் ஆன்ட்டி பயமா இருக்கு" என்றாள்.

என் வாயை அடைத்தவர்கள் உலகத்தில் நீயும் அவளும்தான். பிறகு விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரி செய்துகொண்டே அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீங்க கடவுள்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்கன்னு வக்கீல் வந்து சொன்னா. கடவுளுக்கு நீங்க என்ன பண்ணீங்க? பண்ணது எனக்குத்தானே. என்கிட்ட ஏன் கேக்கல?"

அக்கா, முப்பது வருடமாக நான் வேதம் வாசிக்கிறேன், பதினொரு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன் என்ற வாக்கியம் தொண்டை வரை வந்தது, விழுங்கினேன். விரிப்பின் மறுமுனையைக் கையில் எடுத்தேன். நீ என்னை நம்பிச் சொன்னதை நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன், அது தப்பு, என்னை மன்னித்துவிடு என்றேன். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. அவள் அடுத்த விரிப்பை எடுத்து ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். பதினேழு விரிப்பு மடித்தோம், அக்கா. என் இடுப்பு இன்னும் வலிக்கிறது. கடைசி விரிப்பை அடுக்கிவிட்டு, "செவ்வாய்க்கிழமை வரேன். ஆனா அந்த ரூம்ல ஜெபம் பண்ணக் கூடாது. பண்ணியே ஆகணும்னா மனசுக்குள்ள பண்ணிக்கோங்க" என்றாள்.

வந்தாள். இன்றுவரை ஒரு செவ்வாய், ஒரு வியாழன் தவறவில்லை. பாடகர் குழுவுக்கு மட்டும் இன்னும் வரவில்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். நானும் கேட்கவில்லை. வரும்போது வரட்டும். பள்ளிக்கூடத்தில் இன்னும் ஒரு வருடம் இருந்து பார்ப்பதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். போன வாரம் கடையில் கம்பளிச் சட்டையின் கழுத்துப் பட்டையில் இருந்த பொடி எழுத்தை வாசித்து, இத்தனை வருடமாகச் சுடுதண்ணீரில் போட்டது தப்பு என்று அம்மாவுக்குச் சொன்னாளாம். அந்த அம்மா அந்தச் சட்டையோடு மிஷன் வீட்டுக்கே ஓடிவந்து எனக்குக் காட்டினாள். சட்டை சுருங்கிக் கைக்குழந்தை அளவுக்கு ஆகியிருந்தது, அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். எனக்கும்தான். சொல்லிக்கொள்ள எனக்கு இப்போது ஒரு குறையும் இல்லை, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று இதுதான். இருபத்தாறு வருடத்துக்கு முன், உன் பிள்ளை பிறந்து மூன்று நாளில் போய்விட்ட பிறகு, ஒரு சாயங்காலம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து நீ என்னிடம், "எனக்கு இப்பல்லாம் ஜெபம் பண்ணவே வரலடி, மேல யாரும் இருக்கிற மாதிரியே தெரியல" என்றாய். யாரிடமும் சொல்லாதே என்றாய். நான் சொல்லவில்லை. அந்த வாரம் பெண்கள் கூட்டத்தில் உன் பெயரைச் சொல்லி, என் அக்காவுக்கு விசுவாசத்தைத் திருப்பிக் கொடும் என்று சத்தமாக ஜெபித்தேன். மறுநாளே பாஸ்டரம்மாவும் இன்னும் ஐந்து பேரும் வேதத்தைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் உனக்குப் புத்தி சொன்னார்கள். நீ அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு பெண்கள் கூட்டத்துக்கு நீ வந்ததே இல்லை. என்னிடம் தையல் அளவு சொன்னாய், விலைவாசி சொன்னாய், அத்தானின் முழங்காலைச் சொன்னாய். உன் மனசில் உள்ளதை மட்டும் அதற்குப் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை.

இதற்காக ஆண்டவரிடம் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. உன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நீ என்னை நம்பிச் சொன்னதை நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அது தப்பு. என்னை மன்னித்துவிடு, அக்கா.

எல்லாக் கடிதத்திலும் கடைசி வரியாக உனக்காக ஜெபிக்கிறேன் என்று எழுதுவேன். இதில் அதை எழுதவில்லை. நீ உடனே பதில் போட வேண்டாம், போடாவிட்டாலும் ஏப்ரன் கட்டிக்கொள்வேன். என்றைக்காவது உனக்குச் சொல்லத் தோன்றினால், எதுவானாலும், என்னிடம் சொல். இந்தக் கடிதத்தை இவருக்குக் காட்டவில்லை. ஆண்டவரிடமும் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தைக்கும்போது விளக்கைப் போட்டுக்கொள்.

உன் அன்புத் தங்கை